வால் நீளமான சாமான்: திருவொற்றியூர் மணலில் ஒரு பழைய ஆர்சி டிரக்

திருவொற்றியூரில் லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, "இத ஒரு வழி பண்ணிக் குடுங்கண்ணா" என்று சொல்லி ஒரு ஆர்சி டிரக்கை, அதாவது ரிமோட்டில் ஓடும் சின்ன டிரக்கை, என்னிடம் கொண்டுவந்தார். வளைகுடாவிலிருந்து திரும்பிவந்த சொந்தக்காரர் ஒருவர் அவருக்குக் கொடுத்த வண்டி அது. 1:10 அளவு, மின்சார மோட்டார், பின்சக்கர இழுவை, ஷார்ட் கோர்ஸ் வகை. அமெரிக்காவில் மண் தடத்தில் பந்தயம் ஓடும் பிக்கப் வண்டிகளைப் பார்த்துச் செய்த வடிவம். 2008-இல் டிராக்ஸஸ் நிறுவனத்தின் ஸ்லாஷ் வந்த பிறகுதான் இந்த வகை பெரிதாகப் பரவியது. தம்பியின் வண்டியும் ஏறக்குறைய அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். 12 டர்ன் (கம்பிச் சுருளின் சுற்று எண்ணிக்கை) 550 அளவுப் பிரஷ் மோட்டார், 7 செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ என்று உள்ளே இருந்த எல்லாமே அந்தக் காலத்துச் சாமான்.

கடையில் வாங்கும் பொம்மைக் கார் நின்றுபோனால் தூக்கித்தான் போட வேண்டும். ஹாபி வகை வண்டி அப்படியில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றலாம், ஒவ்வொரு பாகத்தையும் தனியாக வாங்கலாம். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் எதை முதலில் மாற்றுவது?

தம்பிக்கு அதில் குழப்பமே இல்லை. "வேகம் சுத்தமா இல்லண்ணா. பிரஷ்லெஸ் போட்டுடலாம்" என்றார், அதாவது உள்ளே உரசும் பிரஷ் இல்லாத மோட்டார். பட்ஜெட் எட்டாயிரம் ரூபாய். ஓட்டப்போவது அவரும் ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகனும். ஓட்டும் இடம் திருவொற்றியூர் கடற்கரையில், தூண்டில் வளைவுகளுக்கு நடுவே மணல் சேர்ந்திருக்கும் பகுதி. பக்கத்திலேயே வலை பின்னிக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தப் பழைய வண்டிக்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா என்ற கேள்வியை நாங்கள் அதிக நேரம் பேசவில்லை. பொம்மை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு பிஐஎஸ் தர முத்திரையும் கட்டாயம். இதற்கெல்லாம் பிறகு ஹாபி வண்டி இங்கே என்ன விலைக்கு வரும் என்பது, தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எட்டாயிரத்தில் புது வண்டி நடக்காத காரியம்.

முதலில் பார்த்தது

வேகம் இல்லை என்று சொன்னால் எல்லோரும் முதலில் மோட்டாரைத்தான் பார்ப்பார்கள். நான் பேட்டரியிலிருந்து ஆரம்பித்தேன். முழுதாகச் சார்ஜ் செய்து, பட்டறையில் கிடந்த 12 வோல்ட் பைக் ஹெட்லைட் பல்பை அதில் மாட்டி எரியவிட்டோம். மேலே இருந்த பிளாஸ்டிக் உறையைக் கீறி, ஏழு செல்லையும் மீட்டரில் தனித்தனியாகப் பார்த்தோம். நல்ல செல் பாரம் இழுக்கும்போதும் 1.2 வோல்ட் பக்கத்திலேயே நிற்கும். இதில் இரண்டு செல்கள் பல்பு எரிய ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே 1 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டன. பல்பு இழுப்பது சில ஆம்பியர்தான். மணலில் வண்டி கிளம்பும்போது மோட்டார் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அந்த நேரத்தில் இந்த இரண்டு செல்லும் உதவாதது மட்டுமில்லை, மற்ற ஐந்தும் கொடுப்பதையும் தின்றுவிடும்.

அடுத்து சக்கரங்கள். கையால் ஒரு சுண்டு சுண்டினால் கொஞ்ச நேரமாவது சுற்ற வேண்டும். முன்சக்கரம் ஒன்று அரைச் சுற்றிலேயே நின்றது. கழற்றிப் பார்த்தால் பேரிங்குக்குள் மணலும் உப்புத் துருவும். எல்லாமே இரும்பு மூடி போட்ட வகை, கடற்கரைக்கு அது ஆகாது.

முன்சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டாரான ஸ்டீயரிங் சர்வோவில் பிளாஸ்டிக் பல் இரண்டு போயிருந்தது. இடது பக்கம் திருப்பினால் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு நடுவிலேயே நின்றது. மோட்டாரின் காமுடேட்டர் (பிரஷ் உரசும் செம்பு வளையம்) கறுத்திருந்தது, பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. ஆனாலும் ஓடியது. கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் இரண்டும் நன்றாக இருந்தன. ஷாக் அப்சார்பரில் லேசாக எண்ணெய் கசிந்தது, அதை அப்படியே விட்டோம்.

ரேடியோ பழைய கிரிஸ்டல் வகை. தூரம் போகப் போகச் சக்கரம் தானாகவே துடிக்கும். "அது எப்பவும் அப்படித்தாண்ணா" என்றார் தம்பி, அதில் ஒன்றுமில்லை என்பதுபோல். இந்தப் பழைய ரேடியோக்களில் பெரும்பாலும் ஃபெயில்சேஃப் கிடையாது. சிக்னல் அறுந்தால் வண்டி நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைக்க ஆளில்லை. கடைசியாக எந்தக் கட்டளை போனதோ, இல்லை இரைச்சலில் எது காதில் விழுந்ததோ, அதையே பிடித்துக்கொண்டு ஓடும்.

பிரஷ்லெஸ்: என்ன கிடைக்கும், எதை இழுத்துவரும்

தம்பி குறித்துவைத்திருந்தது 3300 கேவி பிரஷ்லெஸ் செட். கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது. 2 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் 7.4 வோல்ட்டில் அது சுமார் 24,400 சுற்று. வண்டியின் பெரிய கியரில் 86 பல், சின்னதில் 19, கியர்பாக்ஸின் உள்விகிதம் 2.72. பெருக்கிப் பார்த்தால் மோட்டார் 12.3 தரம் சுற்றினால் சக்கரம் ஒரு தரம் சுற்றும். சக்கர விட்டம் சுமார் 110 மி.மீ. கணக்குப்படி மணிக்கு 41 கி.மீ. வருகிறது. காற்றுத் தடை, மணல், உராய்வு எல்லாம் கழித்தால் கொஞ்சம் குறையும். 3 செல் லிப்போ போட்டால் அதே கணக்கு 61-ஐத் தாண்டும்.

அந்த 61-ஐக் கேட்டதும் தம்பியின் முகம் பிரகாசமானது. நான் இன்னொரு கணக்கையும் போட்டுக் காட்டினேன். வண்டி எடை சுமார் இரண்டரை கிலோ. 41-இல் அது மோதினால் இருக்கும் ஆற்றலைவிட 61-இல் மோதினால் இரண்டு மடங்குக்கும் மேல். வலை பின்னுபவரின் கணுக்கால் உயரத்தில், ஃபெயில்சேஃப் இல்லாத ரேடியோவில், பத்து வயதுப் பையன் கையில்.

சரி, ஆபத்தைத் தள்ளிவைத்துக் காசை மட்டும் பார்ப்போம். மேம்பாடு என்று நாம் வாங்கும் சில சாமான்களுக்கு நீளமான வால் உண்டு. கடைக்காரர் சொல்வது தலையின் விலை மட்டும்தான். பிரஷ்லெஸ் மோட்டாருக்கு, அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த, அதற்கென்ற ஸ்பீடு கன்ட்ரோலர் வேண்டும், செட்டாகவே வந்துவிடும், அது பரவாயில்லை. ஆனால் செத்துப்போன இந்தப் பேட்டரியோடு அதை ஓட்டி என்ன பயன்? அப்போது லிப்போ. லிப்போ என்றால் பழைய சார்ஜரைத் தொடவே கூடாது, ஒவ்வொரு செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் வாங்க வேண்டும். வேகம் கூடினால், அடி விழும்போது வழுக்கிக் கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் தேயும். பிறகு பிளாஸ்டிக் டிரைவ் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், ஸ்டீல் ஷாஃப்ட் போட வேண்டும். ஸ்டீல் போட்டால் அடி நேராக டிஃபரென்ஷியலில் விழும்.

இந்த வால் தம்பிக்குப் புதிதில்லை. பட்டறையில் ஒரு ஷாஃப்டை வலுவாக்கினால் அடுத்து உடைவது கப்ளிங்தான் என்று தினமும் பார்ப்பவர். "அலுமினியத்துல ஆர்ம் நானே கடைஞ்சிடுவேன்" என்று ஒரு கட்டத்தில் சொன்னார். கடைவார், சந்தேகமில்லை. ஆனால் சக்கரத்தைத் தாங்கும் நைலான் ஆர்ம் அடி பட்டால் வளைந்து திரும்பிவரும், அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான். விலை குறைந்த பாகம் உடைவதே இந்த வண்டிகளின் வடிவமைப்பில் ஒரு நல்ல விஷயம்.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பி பார்த்த செட் சென்சார் இல்லாத வகை. அந்த வகை மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது ரோட்டர் எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குத் தெரியாது. அதனால் பாரம் அதிகமாக இருந்தால் கிளம்பும்போது திக்கும். ஈர மணலில் அவ்வளவாகத் தெரியாது. பொதபொதவென்ற உலர் மணலில் ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் தெரியும். பிரஷ் மோட்டார் பழைய சாமான்தான், ஆனால் கிளம்பும்போது திணறாது.

லிப்போவைப் பற்றி நடந்த வாதம்

பிரஷ்லெஸ் வேண்டாம், லிப்போ மட்டும் போடலாம் என்று இறங்கிவந்தார். நியாயமான வாதம். லிப்போ எடை குறைவு, பாரம் இழுக்கும்போது வோல்டேஜ் அதிகம் தொங்காது, பழைய பிரஷ் மோட்டாருக்கே புது உயிர் வந்ததுபோல் இருக்கும். ஹாபிவிங் குவிக்ரன் 1060 போன்ற ஒரு பிரஷ் கன்ட்ரோலர் வாங்கினால் அதில் லிப்போவா நிக்கலா என்று ஜம்ப்பரை மாற்றிவைத்துக்கொள்ளலாம், 2 செல் லிப்போவில் 12 டர்ன் 550 மோட்டாரையும் தாங்கும்.

கன்ட்ரோலர் ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டார். வண்டியில் இருப்பதில் லிப்போவுக்கான வோல்டேஜ் வெட்டு இல்லை. நிக்கல் பேட்டரி காலியானால் வண்டி தளரும், நிற்கும், அவ்வளவுதான். லிப்போவை ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டுக்கும் கீழே இழுத்தால் செல் கெட்டுவிடும், வீங்கும். அப்படிக் கெட்ட பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பழைய சார்ஜர் பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜ் லேசாகக் குறைவதைப் பார்த்து நிற்கும் வகை. லிப்போவில் அந்தக் குறைவு வராது, ஆகவே அது நிற்காமல் ஏற்றிக்கொண்டே போகும்.

ஆக, லிப்போ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் பேட்டரி, கன்ட்ரோலர், சார்ஜர், தீத்தடுப்புப் பை என்று நான்கு செலவு. அதுவும் போகட்டும். எனக்கு உறுத்தியது அவர் வீடு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே ஒரே அறை, மே மாதம் மதியம் உள்ளே உட்கார முடியாது. லிப்போவை ஓட்டாத நாட்களில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்காகச் சனி இரவே முழுதாக ஏற்றிவைத்து, மழை வந்து போக முடியாமல், அப்படியே அடுத்த வாரம் வரை அலமாரி மேல் கிடக்கும். இது ஊகம்தான். ஆனால் ஷிஃப்ட் வேலை பார்க்கும் எல்லார் வீட்டிலும் நடக்கக்கூடியது.

நல்ல நிக்கல் பேட்டரி இன்று கடைகளில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. எடை அதிகம், சும்மா வைத்தாலே சார்ஜ் இறங்கும், ஓட்டிச் சூடாக இருக்கும்போதே சார்ஜ் போடக்கூடாது. குறைகள் எல்லாம் உண்மை. ஆனால் அதற்கு வாலே இல்லை. பழைய சார்ஜர், பழைய கன்ட்ரோலர், பழைய பிளக் எல்லாமே அப்படியே பொருந்தும். 7 செல் புதிதாக ஒன்று வாங்குவது என்று முடிவானது. தம்பி முழு மனதோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

காசு போன இடங்கள்

பெரிய செலவு ரேடியோவுக்கு. "இன்னாண்ணா, ரேடியோக்குப் போயி இவ்ளோ காசா? அதான் ஓடுதே" என்றார். 2.4 கிகாஹெர்ட்ஸ் மூன்று சேனல் செட், துப்பாக்கிப் பிடி வகை. இதற்கும் வால் கிடையாது. மோட்டார் மாறினாலும் வண்டியே மாறினாலும் இது கூடவே வரும். ஃபெயில்சேஃப் இருக்கிறது, ஆனால் வாங்கியவுடன் அது சரியாக அமைந்திருக்கும் என்று நம்பக்கூடாது. வண்டியை ஸ்டூல் மேல் சக்கரம் தரையில் படாமல் வைத்து, விசையை அழுத்திக்கொண்டே ரிமோட்டை அணைத்துப் பார்க்க வேண்டும். சக்கரம் நின்றால் சரி. எங்களுக்கு முதலில் நிற்கவில்லை. நடுநிலையைச் சேமித்த பிறகுதான் நின்றது. இன்னொரு வசதி, விசையை முழுதாக அழுத்தினாலும் பாதி வேகம்தான் போக வேண்டும் என்று ரிமோட்டிலேயே கட்டுப்படுத்தலாம். பையனுக்கு அப்படி வைத்தோம். அவனுக்கு அந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்று தெரிய ஒரு வாரம் ஆகும், அதற்குள் ஓட்டப் பழகிவிடுவான்.

சர்வோவில் இன்னொரு வலை விரித்திருந்தது. ஆன்லைனில் 20 கிலோ இழுவை, மெட்டல் கியர் என்று மலிவாக நிறையக் கிடைக்கிறது. வாங்கியிருப்போம். ஆனால் சர்வோவுக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் வருவது கன்ட்ரோலருக்குள் இருக்கும் பி.இ.சி. என்ற சின்னச் சுற்றிலிருந்து. பழைய கன்ட்ரோலர்களில் அது ஓர் ஆம்பியர், மிஞ்சிப்போனால் இரண்டு தரும். பெரிய சர்வோ மணலில் சக்கரம் புதைந்து திணறும்போது இரண்டுக்கு மேலேயே இழுக்கும். உடனே வோல்டேஜ் விழும், ரிசீவர் அணைந்து திரும்பக் கிளம்பும், வண்டி ஒரு கணம் யார் பேச்சும் கேட்காது. புது ரேடியோ போட்டும் பழைய வியாதி போகவில்லையே என்று நாம் ரேடியோவைத் திட்டுவோம். 9 கிலோ அளவில், மெட்டல் கியர், தண்ணீர் புகாத ஒரு சர்வோ போதும். வாங்கும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அச்சின் பல் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஃபியூட்டாபா வகையில் 25 பல், ஹைடெக்கில் 24, ஜேஆர் வகையில் 23. அந்த அச்சில் மாட்டும் கையான பழைய ஹார்ன் பொருந்தாவிட்டால் அதற்கும் தனிச் செலவு. அடியை வாங்கிக்கொண்டு சர்வோவின் பல்லைக் காக்கும் சர்வோ சேவர் ஸ்பிரிங்கையும் புதிதாக மாற்றினோம். அது தளர்ந்திருந்தால் சர்வோ திருப்பினாலும் சக்கரம் முழுதாகத் திரும்பாது.

பேரிங்குக்கு ஹாபி கடைக்கே போகவில்லை. இந்த வண்டியில் இருப்பவை இரண்டே அளவு, 5×11×4 மி.மீ., 10×15×4 மி.மீ. முதலாவது எம்ஆர்115, இரண்டாவது 6700. இந்த எண்ணைச் சொன்னால் பாரிமுனைப் பக்கத்துப் பேரிங் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். ஆர்சி என்று சொல்ல வேண்டியதே இல்லை. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் இரும்பு மூடி. ரப்பர் மூடி கொஞ்சம் கனமாகச் சுற்றும், ஆனால் மணலும் உப்பும் சுலபத்தில் புகாது. கடைசியில் மொத்தச் செலவில் மிகக் குறைந்தது இதுதான், பலன் அதிகம் தெரிந்ததும் இதில்தான்.

மிச்சத்தில் புது 12 டர்ன் 550 மோட்டார் ஒன்று. அதை உடனே முழு வோல்டேஜில் ஓட்டவில்லை. பாரம் இல்லாமல், இரண்டு பென்சில் பேட்டரியின் 3 வோல்ட்டில் கொஞ்ச நேரம் சுற்றவிட்டோம். பிரஷ்ஷின் முகம் காமுடேட்டரின் வளைவுக்குத் தக்கபடி தேய்ந்து பதியும், அப்போதுதான் பொறி குறையும். மணலுக்காக 19 பல் பினியனை எடுத்துவிட்டு 17 போட்டோம், பல்லின் அளவு அதே 48 பிட்ச். விகிதம் 12.3-லிருந்து 13.8-க்கு ஏறியது. உச்ச வேகம் கொஞ்சம் போகும், இழுவை கூடும், சூடு குறையும். இரண்டு கியருக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை விட்டு இறுக்கிப் பிறகு உருவினால் இடைவெளி சரியாக இருக்கும். இந்த வேலையைத் தம்பி என்னைவிடச் சுத்தமாகச் செய்தார்.

ஓட்டிப் பார்த்தபோது

காலையில் ஈர மணலில் வண்டி நன்றாகவே பறந்தது. உலர் மணலில் பின்பக்கம் அகழ்ந்தாலும் திணறி நிற்கவில்லை. ஒரு பேட்டரி முடிந்ததும் பட்டறையின் இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் மோட்டார் சூட்டைப் பார்த்தோம். 70 டிகிரியைத் தொட்டிருந்தது. 80-ஐத் தாண்டினால் பினியனை இன்னும் ஒரு பல் குறைத்திருப்போம். ரேடியோ துடிப்பு போயே போய்விட்டது. பையன் தண்ணீர் விளிம்பு வரை ஓட்டிவிட்டுச் சரியான நேரத்தில் திருப்பினான், இரண்டு பெரியவர்களும் மூச்சு விட்டோம்.

திரும்பிவந்து கழுவுவதிலும் ஓர் எச்சரிக்கை. வடசென்னையின் கரையோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. மீஞ்சூர் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டுகளாகப் பதிவாகியிருக்கும் விஷயம். கடல் உப்பைப் போர் உப்பால் கழுவி லாபமில்லை. ஒரு குடம் மெட்ரோ வாட்டர், பழைய பல் விளக்கும் பிரஷ், அப்புறம் துடைத்துவிட்டு ஆக்சிலிலும் ஸ்க்ரூக்களிலும் டபிள்யூடி-40. மோட்டார் பேரிங்கில் மட்டும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய்.

எட்டாயிரத்தில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அதில் ஷாக் ஓ-ரிங் வாங்கலாம் என்றேன். தம்பி அதை எடுத்துவைத்துவிட்டார், பிரஷ்லெஸ் நிதி என்று. அவர் ஆசை போகவில்லை, போக வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. இந்த மோட்டாரின் பிரஷ் தேய்ந்து முடியும்போது ரேடியோ, சர்வோ, பேரிங் மூன்றும் ஏற்கெனவே வண்டியில் இருக்கும். அப்போது பிரஷ்லெஸ் செட்டின் வாலில் பேட்டரியும் சார்ஜரும் டிரைவ் ஷாஃப்டும் மட்டும்தான் மிச்சம். சென்சார் உள்ள செட்டாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், 2 செல்லோடு நிற்கவும் சொல்லியிருக்கிறேன். முதலாவதற்குச் சரி என்றார். இரண்டாவதற்குப் பதில் வரவில்லை.